மால்டாவில் ஐவேளைத் தொழுகை: பாங்கு கேட்காத தீவில் வக்தோடு வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

மால்டாவுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் வந்த வாரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காக்கா (அண்ணா), இங்கே தொழுகை நேரத்துக்கு எந்த ஆப் நல்லது?" எந்த ஆப்பாக இருந்தாலும் சரி, அதற்குள் இருக்கும் மூன்று செட்டிங்கைச் சரியாக வைக்காவிட்டால் நேரம் தப்பாகத்தான் வரும். நம்மூரில் இது நமக்குத் தெரியவேண்டிய அவசியமே இருந்ததில்லை. மோதினார் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்வார், கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போவோம். இங்கே ஸ்லீமாவிலோ புஜிப்பாவிலோ அறை எடுத்துத் தங்கினால் ஜன்னல் வழியே வருவது மாதா கோயில் மணியோசைதான். வக்தை, அதாவது தொழுகை நேரத்தை, கணக்கு வைப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. அதை எப்படிச் செய்வது, வேலையோடும் சாப்பாட்டோடும் நோன்போடும் எப்படிப் பொருத்துவது என்று, பல வருடம் இங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இந்த ஊரின் சூரியனைத் தெரிந்துகொள்ளுங்கள்

மால்டா சிசிலிக்குத் தெற்கே, லிபியாவுக்கு வடக்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கிறது. அட்சரேகை ஏறக்குறைய 35.9 பாகை வடக்கு. சென்னை 13 பாகை, கீழக்கரை 9 பாகை. இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. நம்மூரில் வருடம் முழுவதும் மஃரிப் ஆறு மணியைச் சுற்றியே வரும். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இருக்காது. இங்கே ஜூன் 21 அன்று சூரியன் மறைவது இரவு 8.22க்கு, டிசம்பர் 21 அன்று மாலை 4.52க்கு. மூன்றரை மணி நேர வித்தியாசம்.

இரண்டு நாட்களின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுபுஹு அதிகாலை, லுஹர் நடுப்பகல், அஸர் பிற்பகல், மஃரிப் சூரியன் மறைந்ததும், இஷா இரவு; ஷாஃபி, ஹனஃபி என்பவை மத்ஹபுகள் (மார்க்கச் சட்ட வழிகள்). ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கும். எப்போதும் இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 21: சுபுஹு 3.56, சூரிய உதயம் 5.46, லுஹர் 1.04, அஸர் ஷாஃபிக்கு 4.54, ஹனஃபிக்கு 6.09, மஃரிப் 8.22, இஷா 10.04.

டிசம்பர் 21: சுபுஹு 5.37, உதயம் 7.08, லுஹர் 12.00, அஸர் ஷாஃபிக்கு 2.34, ஹனஃபிக்கு 3.13, மஃரிப் 4.52, இஷா 6.18.

கோடையில் ஆபத்து இரவில் இருக்கிறது. இஷா தொழுது படுக்க பத்தரை ஆகிவிடும், நாலு மணிக்கு சுபுஹு வந்துவிடும். நடுவில் ஐந்தரை மணி நேரம்தான். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடாமல் ஜூன், ஜூலை மாதங்களில் சுபுஹைத் தக்கவைப்பது மிகக் கஷ்டம். இந்த ஊர்க்காரர்களே மத்தியானத் தூக்கத்தை விடமாட்டார்கள். சின்னக் கடைகள் பல ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஷட்டரை இறக்கிவிடும். நீங்களும் கூச்சப்படாமல் தூங்குங்கள்.

குளிர்காலத்தில் ஆபத்து பகலில். லுஹர் தொடங்கியதிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லுஹர், அஸர் இரண்டும் முடிந்து மஃரிப் வந்துவிடுகிறது. அந்த ஐந்து மணி நேரமும் நீங்கள் ஷிஃப்டில் இருப்பீர்கள். என் முதல் டிசம்பரில் எனக்கு இதுதான் நடந்தது. ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது, அறைக்குப் போய் அஸர் தொழுதுகொள்ளலாம் என்று இருந்தேன். மஃரிப் என்றால் ஆறு மணிக்கு மேல் என்று உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. பின்கதவைத் திறந்து வெளியே வந்தால் தெருவிளக்கெல்லாம் எரிகிறது, கடல் கறுத்துக் கிடக்கிறது. அஸர் களாவாகிவிட்டது, அதாவது நேரம் தப்பிவிட்டது. அந்தக் கதவருகில் நின்ற நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது. கடிகாரத்தைப் பின்னே திருப்பும் அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தாலே எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாம் படி: ஆப்பில் மூன்று செட்டிங்

முதலாவது, கணக்கு முறை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கும்போது சுபுஹு, எத்தனை பாகையில் இஷா என்பதில் அமைப்புக்கு அமைப்பு வேறுபாடு உண்டு. உலக முஸ்லிம் லீக் முறை சுபுஹுக்கு 18, இஷாவுக்கு 17 பாகை. கராச்சி முறை இரண்டுக்கும் 18. நம்மூரிலிருந்து கொண்டுவந்த போன்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். எகிப்து முறை 19.5, 17.5. வட அமெரிக்க முறை இரண்டுக்கும் 15. பிரான்ஸில் சிலர் பின்பற்றுவது 12. மக்காவின் உம்முல் குரா முறையில் சுபுஹு 18.5 பாகை, இஷாவுக்குப் பாகை கிடையாது, மஃரிபிலிருந்து ஒன்றரை மணி நேரம், ரமளானில் இரண்டு மணி நேரம்.

இது சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஜூன் 21 அன்று எகிப்து முறையில் சுபுஹு 3.45, பிரான்ஸின் 12 பாகை முறையில் 4.38. ஒரே ஊர், ஒரே நாள், 53 நிமிடம் வித்தியாசம். ஒரே அறையில் தங்கியிருக்கும் நான்கு பேர் நான்கு ஆப்பை வைத்துக்கொண்டு சஹர் (நோன்புக்கு முந்தைய சாப்பாடு) முடியும் நேரத்துக்கு வாக்குவாதம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். தீர்வு எளிது. பாவ்லா என்ற ஊரில் இருக்கும் பள்ளிவாசலின் கால அட்டவணையை ஒரு முறை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுபுஹு, இஷா நேரங்களோடு உங்கள் ஆப்பின் நேரம் எந்த முறையில் ஒத்துவருகிறதோ அந்த முறையை வையுங்கள். ஊர் ஜமாஅத்தோடு சேர்ந்திருப்பதுதான் நல்லது. அட்டவணை கையில் கிடைக்கும்வரை 18 பாகையில் சஹரை நிறுத்துங்கள், சுபுஹை அதிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொழுங்கள். நோன்புக்கும் பேணுதல், தொழுகைக்கும் பேணுதல்.

இரண்டாவது, அஸர். ஆப்பில் ஷாஃபி, ஹனஃபி என்று இரண்டு தேர்வு இருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஷாஃபி; வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருச்சி பக்கம் ஹனஃபி. இங்கே லிபியா, துனீசியாக்காரர்கள் மாலிக்கி, சோமாலியர்கள் ஷாஃபி, துருக்கியரும் பாகிஸ்தான், பங்களாதேஷ்காரர்களும் ஹனஃபி. ஆகவே அறைத் தோழர் தொழுகிறார் என்பதற்காக உங்கள் வக்து வந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். கோடையில் இரண்டு அஸருக்கும் நடுவில் 75 நிமிடம் இருக்கிறது. ஹனஃபிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: டிசம்பரில் உங்கள் அஸருக்கு இருப்பது 3.13 முதல் 4.52 வரை, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. வேலையிடத்தில் இடைவேளை இரண்டரைக்குத்தான் கிடைக்கும் என்றால் ஒரு ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். ஒரு மடங்கு நிழலில் அஸர் தொழலாம் என்ற கருத்து இமாம் அபூ ஹனீஃபாவின் இரு பெரும் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மத் ஆகியோருடையது. தானாக முடிவு செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, ஊரும் கடிகாரமும். ஆப்பில் 'வல்லெட்டா' என்று வைத்தால் நாடு முழுவதற்கும் போதும். மால்டா தீவின் நீளமே 27 கிலோமீட்டர். கோஸோ தீவுக்கும் வல்லெட்டாவுக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் வித்தியாசம். ஆனால் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி மூன்றாகும், அக்டோபர் கடைசி ஞாயிறு மூன்று மணி இரண்டாகும். போன் தானாக மாறிவிடும். சமையலறைச் சுவர்க் கடிகாரமும் கைக்கடிகாரமும் மாறாது. 2025இல் மார்ச் 30 ஞாயிறன்று கடிகாரம் மாறியது. சவூதியில் ஈகைப் பெருநாளும் அதே நாள். அப்படி ஒரு இரவில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவருக்குப் பெருநாள் தொழுகை கிடைக்காது. இன்னொன்று, மால்டாவில் பல மாதா கோயில்களின் முகப்பில் இரண்டு கடிகாரங்கள் இருக்கும். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது பொய் நேரம். ஷைத்தானைக் குழப்புவதற்காக அப்படி வைத்தார்கள் என்று ஊர்மக்கள் சொல்வார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து வக்து முடிவு செய்யவேண்டாம்.

ஆப்பை நம்புவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் நீங்களே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். சரியாகப் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சியை மொட்டைமாடியில் நட்டமாக நிறுத்துங்கள். நம்மூரில் நடுப்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். இங்கே டிசம்பர் கடைசியில் சூரியன் உச்சியில் இருக்கும்போதே நிழல் 17 சென்டிமீட்டர் இருக்கும். ஷாஃபி அஸர் என்பது அந்த உச்சிநேர நிழலோடு குச்சியின் நீளம் ஒரு மடங்கு கூடும்போது, அதாவது 27 சென்டிமீட்டர். ஹனஃபிக்கு இரண்டு மடங்கு, 37. ஜூனில் இதே குச்சிக்கு உச்சிநேர நிழல் 2 சென்டிமீட்டர் சொச்சம்தான். ஷாஃபி அஸர் 12க்கு, ஹனஃபி 22க்கு. இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர், போன் அணைந்துபோன நாளிலும் தடுமாறமாட்டார்.

மூன்றாம் படி: கிப்லா

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்கும் மக்காவின் திசை, தமிழ்நாட்டில் மேற்குப் பக்கம். புது இடத்துக்குப் போனால் சூரியன் மறையும் திசையைப் பார்த்து விரிப்பை விரிப்பது பழக்கம். மால்டாவில் மக்கா கிழக்கே இருக்கிறது. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் ஏறக்குறைய 116 பாகை, அதாவது கிழக்கும் தென்கிழக்கும் சேரும் பக்கம். அவசரத்தில் பழக்கப்படி நின்றால் மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம்.

போன் திசைகாட்டியை இரும்புக் கட்டில், ஃப்ரிட்ஜ், சமையலறை மேடை இவற்றின் அருகில் வைத்துப் பார்க்கவேண்டாம், முள் அலையும். அதைவிட உறுதியான வழி வருடத்தில் இரண்டு முறை வருகிறது. மே 28ஆம் தேதியும் ஜூலை 16ஆம் தேதியும் (லீப் வருடத்தில் ஒரு நாள் முன்னதாக) சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. மால்டா நேரப்படி மே 28 காலை 11.18, ஜூலை 16 காலை 11.27. அந்த நிமிடத்தில் உங்கள் பால்கனியில் சூரியனை நோக்கி நின்றால் அதுதான் கிப்லா. நட்டமாக நிற்கும் எதன் நிழலையும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் முகம். எங்கள் பழைய அறையின் பால்கனி ஓட்டில் நான் போட்ட அந்தக் கோட்டை, எனக்குப் பின் வந்து தங்கிய பங்களாதேஷ் சகோதரர்கள் பெயிண்டால் அழுத்தி வரைந்து வைத்திருக்கிறார்கள்.

நான்காம் படி: வேலையிடத்தில் பேசுவது

மால்டாவின் அரசியலமைப்பு 2ஆம் பிரிவில் ரோமன் கத்தோலிக்க மதத்தை நாட்டின் மதமாகச் சொல்கிறது. 40ஆம் பிரிவில் ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் தருகிறது. ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். "எனக்கு ஏழு நிமிடம் வேண்டும், லஞ்ச் நேரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். நிமிடக் கணக்கோடு கேட்டால் முதலாளிக்கு மறுக்கக் காரணம் குறைவு. சிகரெட் குடிக்கப் போகிறவர் அதைவிட அதிக நேரம் எடுப்பார் என்று அவருக்கே தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டு இடைவேளை கேட்கவேண்டும், அல்லது ஒரே இடைவேளையை அஸர் தொடங்கும் நேரத்தை ஒட்டி மாற்றிக் கேட்கவேண்டும். லுஹர் கடைசியிலும் அஸர் முதலிலும் விழும்படி வைத்துக்கொண்டால் ஒரே உளூவில் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) இரண்டையும் தத்தம் வக்திலேயே தொழுதுவிடலாம். டிசம்பரில் ஷாஃபிப் பிள்ளைகளுக்கு 2.25 முதல் 2.45 வரை கிடைத்தால் போதும். இதை ரோஸ்டர் போடுவதற்கு முன்பே, அக்டோபர் நடுவிலேயே பேசிவிடுங்கள்.

உளூதான் நிஜமான சிக்கல். வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவதைக் கூடவேலை செய்பவர்கள் விரும்பமாட்டார்கள், தரையெல்லாம் தண்ணீராகும், அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காலையில் அறையிலேயே முழு உளூ செய்து தோல் காலுறை (குஃப்) போட்டுக்கொண்டு வாருங்கள். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் அதன்மேல் மஸஹ் செய்ய (ஈரக்கையால் தடவ) அனுமதி உண்டு. முகம், கை, தலைக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் தண்ணீர் தாராளம். வேலை முடியும்வரை கால் கழுவும் பிரச்சினையே இல்லை. சமையலறையில் வேலை செய்பவர்களுக்குக் காலும் சூடாக இருக்கும்.

பயணத் தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோஸோவுக்குக் கப்பலில் போவதால் கஸ்ர் (தொழுகையைச் சுருக்குவது) கிடையாது. கப்பல் கடப்பது 25 நிமிடம். மால்டாவின் ஒரு முனையிலிருந்து கோஸோவின் மறுமுனைவரை போனாலும் பயணத் தூரமான ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தொடாது. சிசிலிக்குக் கப்பல் ஏறினால் அது வேறு கணக்கு.

ஐந்தாம் படி: ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை)

மால்டாவில் பள்ளிவாசல் என்று மினாராவோடு கட்டப்பட்டது பாவ்லாவில் கொராதீனோ குன்றின் பக்கம் இருக்கும் மர்யம் அல்-பதூல் பள்ளிவாசல். 1978இல் லிபியாவின் கடாஃபி அடிக்கல் வைத்தார், 1982இல் திறக்கப்பட்டது. கன்னி மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயர். மாதாவைத் தலையில் வைத்துக் கொண்டாடும் கத்தோலிக்க நாட்டில் இதைவிடப் பொருத்தமான பெயரை வைத்திருக்கமுடியாது என்பது என் அபிப்பிராயம். பக்கத்திலேயே அதே பெயரில் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

வல்லெட்டாவிலிருந்து தெற்கே போகும் பஸ்களில் பல பாவ்லா வழியாகத்தான் போகின்றன. ஊரின் மால்டீஸ் பெயர் 'ரஹல் ஜிடீட்', புது ஊர் என்று பொருள். வழி கேட்கும்போது இரண்டு பெயரையும் தெரிந்துவைத்திருங்கள். தலின்யா கார்டு வாங்கிவிட்டால் பஸ் பயணம் இலவசம். கோடையில் லுஹர் நேரமே ஒரு மணிக்கு மேல்தான் தொடங்கும். குளிர்காலத்தில் பன்னிரண்டைச் சுற்றி. ஆகவே ஜும்ஆ நேரத்தை வருடம் முழுவதும் ஒன்றே என்று எண்ணாமல், கடிகாரம் மாறும் வாரத்தில் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள். பத்து நாட்டு முகங்கள் ஒரு ஸஃபில் (வரிசையில்) நிற்கும். வேலை கிடைப்பதும் அறை கிடைப்பதும் பெரும்பாலும் தொழுகை முடிந்து வாசலில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

தீவின் வடக்கே இருப்பவர்களுக்குப் பாவ்லா தூரம்தான். ஆங்காங்கே அறைகளிலும் கீழ்த்தளங்களிலும் தொழுகை நடப்பது உண்டு. அப்படிப் போகும்போது அக்கம்பக்கத்தாரின் வாசலில் வண்டியை நிறுத்துவதும், படிக்கட்டில் செருப்பைக் குவிப்பதும், தெருவில் சத்தமாகப் பேசுவதும் வேண்டாம். கட்டட அனுமதி இல்லாத இடத்தில் கூட்டம் கூடினால் புகார் வரும், இடமே போய்விடும்.

ஆறாம் படி: சாப்பாடு

இங்கே மொழி உங்களுக்கு உதவும். மால்டீஸ் அரபியிலிருந்து வந்த மொழி. இன்று லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். இறைச்சிக்கு 'லஹம்', ரொட்டிக்கு 'ஹொப்ஸ்', பாலுக்கு 'ஹலீப்', கொழுப்புக்கு 'ஷஹம்'. ஆனால் பன்றிக்கறிக்குக் கடையில் போடும் பெயர் இத்தாலிய வழி வந்த 'மய்யால்'. 'ஹன்ஸீர்' என்ற சொல்லையே தேடிக்கொண்டிருந்தால் அகப்படாது. சூப்பர்மார்க்கெட் பொருட்களில் பாதி இத்தாலியிலிருந்து வருபவை. அவற்றில் 'சுயினோ', 'மயாலே' இரண்டும் பன்றி, 'ஸ்த்ருத்தோ' பன்றிக் கொழுப்பு. பிஸ்கட், பஃப், ரெடிமேட் மாவு எல்லாவற்றிலும் இந்த மூன்றாவது சொல்லைத் தேடுங்கள், அதுதான் ஒளிந்திருக்கும்.

பஸ்டிஸ்ஸி என்று மூலைக்கு மூலை விற்பார்கள், நம் பஃப்ஸ் மாதிரி, உள்ளே பாலாடைக்கட்டியோ பட்டாணியோ. மலிவு, பசி தாங்கும், புதிதாக வரும் பிள்ளைகள் அதில்தான் மாதத்தை ஓட்டுவார்கள். பட்டாணிதானே என்று வாங்கவேண்டாம்; மேல்மாவைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்வது உண்டு. மார்ஜரினா கொழுப்பா என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். பேரீச்சம்பழம் வைத்துப் பொரிக்கும் 'இம்ஆரெத்' அரபு நாட்டு மக்ரூத்தின் வழிவந்தது. ஆனால் சிலர் மாவில் சோம்பு மதுவைச் சேர்ப்பார்கள், அதையும் கேளுங்கள். ஊரின் பெருமையான முயல் கறியை வைனில்தான் வேகவைப்பார்கள். லம்பூக்கி மீன் சீசன் ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. மர்ஸாஷ்லோக் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கி அறையில் குழம்பு வைத்தால் நம்மூர் ஞாபகம் வந்துவிடும். ஹலாலாக அறுத்த கறிக்கு ஹம்ரூன், மர்ஸா, புஜிப்பா பக்கம் அரபு, பாகிஸ்தானியக் கடைகளை விசாரியுங்கள்.

ஏழாம் படி: ரமளானும் பெருநாளும்

ரமளான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னேறி இப்போது குளிர்காலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை தொடங்கும். டிசம்பர் நோன்பு இங்கே பதினொன்றே கால் மணி நேரம்தான், நம்மூரைவிடக் குறைவு. ஜூன் நோன்பு பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அப்போது பதினாறரை மணி நேரம். இனி வரும் சில வருடங்களின் சிக்கல் பசி அல்ல, இஃப்தார் நேரம் ஷிஃப்டுக்கு நடுவில் விழுவதுதான். சட்டைப் பையில் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு சிறு தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கட்டும். டிங்லி மலைமுகட்டில் நின்று நோன்பு திறப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: 250 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் சூரியன் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தி மறையும். ஆப் சொல்லிவிட்டது என்று கண்ணெதிரே சூரியன் நிற்கும்போது வாயில் வைக்கவேண்டாம்.

கூடவேலை செய்பவர்களுக்கு நோன்பை விளக்குவது இங்கே எளிது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு மால்டீஸில் பெயரே 'ரந்தான்'. ரமளான் என்ற சொல்தான். நோன்புக்கு 'ஸவ்ம்'. வெள்ளிக்கிழமைக்கு 'இல்-ஜிம்ஆ'. ஈஸ்டருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஈத் என்பதன் மருவல். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லும்போது பாட்டிமார் 'யெக் அல்லா இரீத்' என்பார்கள், அல்லாஹ் நாடினால். 2026இல் அவர்களுடைய சாம்பல் புதன் பிப்ரவரி 18. நம் முதல் நோன்பும் அதை ஒட்டியே வந்தது. என்னுடைய சூப்பர்வைசர் ஸேய்துனைச் சேர்ந்த ஒரு அம்மா. நான் முதன்முதலில் ரமளான் என்று சொன்னதும், "அப்படியா, நான் ரந்தானில் இனிப்பு தொடமாட்டேன், நீ தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாயா?" என்று கேட்டுவிட்டு, மஃரிப் நேரத்தை ஒரு தாளில் எழுதி வாங்கி ரோஸ்டர் பலகையில் குத்திவைத்தார். அந்த மாதம் முழுவதும் அந்த நேரத்தில் எனக்குத் தட்டு கழுவும் வேலை வரவில்லை.

பெருநாளுக்கு அரசு விடுமுறை கிடையாது. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லி, இரண்டில் எதுவானாலும் மாற்றிக்கொள்ள ஒரு தோழரிடம் ஷிஃப்ட் பேசிவையுங்கள். அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் நில்லுங்கள். இந்தப் பண்டமாற்று ஒருமுறை நடந்துவிட்டால் பிறகு அவர்களே வந்து கேட்பார்கள்.

எட்டாம் படி: மவ்த்து

இதை யாரும் பேச விரும்புவதில்லை, அதனால்தான் நடக்கும்போது தவிக்கிறோம். திடீர் மரணம், வேலையிட விபத்து என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை முடிந்துதான் மையித்தை ஒப்படைப்பார்கள். சில நாட்கள் ஆகலாம், யாரையும் கோபித்துப் பயனில்லை. பாவ்லா பள்ளிவாசலுக்கும் இந்தியரானால் இந்திய ஹை கமிஷனுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே அடக்கம் செய்வதா என்பதை வீட்டாரிடம் இப்போதே பேசிவையுங்கள். பாஸ்போர்ட் நகலும் வீட்டு நம்பரும் ஓர் அறைத் தோழரிடம் இருக்கட்டும்.

ஒரு விடுமுறை நாளில்

புதிதாக வந்தவர்கள் தங்களை இந்தத் தீவுக்கு அந்நியர் என்று எண்ணிக் குறுகிப்போவதைப் பார்க்கிறேன். அவர்களை நான் இரண்டு இடத்துக்குக் கூட்டிப்போவேன். ஒன்று மர்ஸாவில் இருக்கும் துருக்கியக் கபர்ஸ்தான் (அடக்கத்தலம்). உஸ்மானிய சுல்தான் அப்துல் அஸீஸ் கட்டச்சொல்லி, மால்டாவின் கட்டடக் கலைஞர் இமானுவேலே லூயிஜி கலீட்ஸியா 1874இல் கட்டி முடித்தது. பக்கத்து அடலோராத்தா கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை வடிவமைத்தவரும் அவரே.

மற்றொன்று கோஸோவின் கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம். 870இல் முஸ்லிம்கள் இந்தத் தீவுகளைப் பிடித்தார்கள், 1091இல் நார்மன்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் முஸ்லிம்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அங்கே ஒரு பளிங்குக் கல் சாட்சி. மைமூனா என்ற பெண்ணின் கபர்க் கல். கூஃபி எழுத்தில் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 569 ஷஅபான் பிறை 16, வியாழக்கிழமை, அதாவது 1174 மார்ச் 21 அன்று இறந்தாள் என்று இருக்கிறது. கல்லின் பின்பக்கம் பழைய ரோமானியச் செதுக்கல். யாரோ ஒரு தகப்பன் தன் மகளுக்காகக் கிடைத்த நல்ல கல்லைத் திருப்பிப் போட்டு எழுதச் சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். பிஸ்மியை எழுத்துக்கூட்டிப் படிக்கமுடியும், கொஞ்ச நேரம் நின்று படியுங்கள்.

டிசம்பரில் போனால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃபி அஸர் 2.34க்கு, கோஸோவின் இம்ஜார் துறைமுகத்தில் கடலைப் பார்த்த ஒரு மூலையில் தொழுதுவிட்டுக் கப்பல் ஏறுங்கள். மால்டா பக்கத்துச் சிர்கேவா துறையில் இறங்கி பஸ் பிடித்து அறைக்கு வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும்.